சோங்கில் வைத்த பொட்டு

அன்புள்ள தம்பி,

உன்னுடைய கல்யாண அழைப்பு நேற்றுத் தபாலில் வந்தது. தடித்த தாள், ஓரமெல்லாம் பச்சை இலை, ஒரு பக்கம் டேனிஷ், மறுபக்கம் தமிழ். உறையில் என்னுடைய பெயரையும் அப்பாவுடைய பெயரையும் வீட்டு விலாசத்தையும் வடிவாக எழுதியிருந்தாய். பெற்றவளுக்கு விலாசம் எழுதி அழைப்பு அனுப்புகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். தூரத்துச் சொந்தத்துக்குக்கூட வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து அழைப்புக் கொடுக்கிற ஆட்கள் நாங்கள். நீ இருக்கிற ஓல்போர்க்கிலிருந்து நாங்கள் இருக்கிற ஹோர்சன்ஸ் என்ன சந்திரமண்டலமா? காரில் ஏறினால் ஒரு படம் பார்க்கிற நேரத்தில் வந்துவிடலாம். அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கிறான்" என்று மட்டும் சொன்னார். அழைப்பை நான் சாமித்தட்டில் வைக்கவில்லை. குளிர்ப்பெட்டிக் கதவில், குப்பை எடுக்கிற நாட்காட்டிக்குப் பக்கத்தில் காந்தம் போட்டு ஒட்டியிருக்கிறேன். என் கோபம் உனக்கு விளங்கட்டும்.

தொலைபேசியில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். கோபம் வந்தால் நீ டேனிஷுக்கு மாறிவிடுவாய். நான் பதிலுக்குச் சொல் தேடி எடுப்பதற்குள் கதை முடிந்து, "சரி அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். இந்த முறை நான் என் மொழியில் சண்டை பிடிக்கப் போகிறேன். சனிக்கிழமைகளில் கால்பந்தை விட்டுவிட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று நீ அழுததும், நான் இழுத்துக்கொண்டு போனதும் எதற்காக? இந்தக் கடிதத்தை எழுத்துக்கூட்டியாவது வாசிப்பதற்காகத்தான் என்று வைத்துக்கொள். நீ கட்டப்போகிற சோபிக்கும் மொழிபெயர்த்துச் சொல்லு. அவள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் மாதம் தவறாமல் எனக்குச் செய்தி அனுப்புகிறாள். போன சரஸ்வதி பூசைக்கு மறுநாள் காலையில் இந்த வீட்டை விட்டுப் போனவன் நீதான். அதற்குப் பிறகு இன்றுவரை இந்தப் படியில் ஏறவில்லை.

அந்தக் காலையை நீ எப்படி நினைத்து வைத்திருக்கிறாயோ தெரியாது. நான் நினைத்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டில் அவரவருக்குச் சோறு போடுகிற பொருளைச் சரஸ்வதிக்கு முன்னால் வைப்போம். சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினால், மறுநாள் விடியும்வரை அதை ஒருவரும் தொடுவதில்லை. அப்பா களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறபோது போடும் கையுறையை வைப்பார். நான் முதியோர் இல்லத்தில் நெஞ்சில் குத்திக்கொள்கிற கடிகாரத்தை வைப்பேன். நீ சின்ன வயதில் கணக்குக் கொப்பியை வைத்தாய். காற்றாலை இறகு செய்கிற கம்பனியில் வேலை கிடைத்த பிறகு, அப்பா வாங்கித் தந்த அளவுகோலை வைத்தாய். போன வருடம் நீ வந்தபோது நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் வந்து பார்த்தால், அளவுகோல் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று. பிளாஸ்டிக்கும் இரும்புமாக, நடுவில் ஓட்டையும் ஓரத்தில் ரப்பருமாக. உன் கம்பனியில் நீ புதிதாகச் செய்த சாமான் என்று நினைத்தேன். பிள்ளை தான் செய்த பொருளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்று மனம் குளிர்ந்தது. மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு வைத்தவள் அதற்கு மட்டும் மூன்று பொட்டு வைத்தேன். நீ பக்கத்தில் நின்று படம் எடுத்தாய். வாயைத் திறக்கவில்லை.

விஜயதசமி காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து சிரித்தாய்.

"அம்மா, நேற்று நீங்கள் என்னத்துக்குப் பொட்டு வைச்சனீங்கள் எண்டு தெரியுமோ?"

"உன்ர வேலைச் சாமானுக்கு."

"வேலைச் சாமான் இல்லை அம்மா. என்ர புது ரைபிளின்ர பின்பக்கம். தோளில முட்டுக் குடுக்கிற துண்டு."

"சோங்கோ?"

உனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. எனக்குத் தெரியும். என் வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் சோங்கு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துவக்கின் முன்பக்கம் சுடுவதற்கு, பின்பக்கம் இடிப்பதற்கு. சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கப் பிந்தியவரின் முதுகில் சோங்கு விழுகிற சத்தம் இன்றும் என் காதில் கிடக்கிறது. அந்தச் சாமானுக்குத்தான் நான் குளித்து, விரதமிருந்து, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருக்கிறேன். நான் கத்தத் தொடங்கியதும் நீ பொறியியலாளரைப் போல விளக்கம் சொல்ல வெளிக்கிட்டாய்.

"இது துவக்கு இல்லை அம்மா. ஒரு துண்டுதான். சட்டத்திலயும் இதை ஆயுதம் எண்டு எடுக்கமாட்டினம். மிச்சம் எல்லாம் அங்க அலுமாரியில பூட்டிக் கிடக்கு. வேலைச் சாமானைத்தானே வைக்கிறது? எனக்கு இதுவும் ஒரு சாமான்."

"இந்தச் சாமானோட இனி இந்த வீட்டுக்கை கால் வைக்காதை!"

நீ அந்தத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாய். உனக்காகக் கட்டி வைத்த வடைப் பெட்டி மேசையிலேயே கிடந்தது. அதோடு முடிந்ததா? இல்லை. இரண்டொரு நாளில் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். "அக்கா, அது உங்கட கையெல்லோ? காப்பைப் பார்த்து அடையாளம் பிடிச்சிட்டன்" என்றாள். வேட்டைக்காரர்களின் இணையக் குழுவொன்றில் நீ அந்தப் படத்தைப் போட்டிருந்தாயாம். 'என் அம்மா என் ரைபிளை ஆசீர்வதிக்கிறார்' என்று கீழே எழுதியிருந்தாயாம். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களெல்லாம் என் கைக்கு இதயம் போட்டிருந்தார்கள். தம்பி, நான் ஆசீர்வதிக்கவில்லை. நீ என்னை ஏமாற்றினாய். வேடிக்கைக்குத்தான் செய்தாய் என்று எனக்கும் தெரியும். அந்த வேடிக்கையில் சிரிக்க ஆள் இருந்தது, கை மட்டும் என்னுடையது.

அம்மாவுக்கு வேட்டை பிடிக்காது, அவ பழைய ஆள், இரத்தத்தைக் கண்டால் மயங்குவா என்று நீ சோபி வீட்டில் சொல்லிவைத்திருந்தால் அதைத் திருத்து. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டிய கை. வெள்ளிக்கிழமை விரதத்தோடு போய் விலா எலும்பு பிரித்திருக்கிறேன். நீ வேட்டைக்குப் பரீட்சை எழுதி அனுமதிப் பத்திரம் எடுத்தபோது நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சோபியின் தகப்பன் கார்ஸ்டன் தன்னுடைய பழைய மரத் துவக்கை இரவல் தந்து உன்னைக் கூட்டிப்போனபோதும் சொல்லவில்லை. நீ கொண்டுவந்த மான் இறைச்சியை மிளகும் பெருஞ்சீரகமும் கூடப் போட்டுப் பிரட்டல் கறி வைத்துத் தந்தவள் நான்தான். கார்ஸ்டன் இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு மூக்கைத் துடைத்தபடி இன்னும் கேட்டது நினைவிருக்கிறதா?

அந்த மனிதர் எங்களையும் ஒருமுறை வேட்டை முடிகிற நேரத்துக்குக் கூப்பிட்டார். காட்டோரப் புல்வெளியில் ஊசியிலைக் கொப்புகளை விரித்து, சுட்ட மான்களை அதன்மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒருவர் கொம்பு ஊதினார். எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். குளிரில் எனக்கு மூக்கு எரிந்தது, ஆனால் மனதுக்குள் ஒரு மரியாதை வந்தது. இவர்களுக்கும் ஒரு பூசை இருக்கிறது என்று அப்பாவிடம் மெல்லச் சொன்னேன். அன்று நான் இன்னொன்றையும் கவனித்தேன். துவக்குகளை ஒவ்வொருவரும் திறந்து வெறுமையாக்கி, காரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்து நின்றார்கள். அவர்கள் தொப்பி கழற்றியது செத்த மானுக்கு. துவக்குக்கு அல்ல. கார்ஸ்டன் தன் துவக்கைப் பற்றி ஒரு மணி நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. நீயோ மான் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டாய்.

அந்தக் கறுப்புச் சாமான் வந்த பிறகு உன் வாயில் வேறு கதை இருக்கவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகும் வீடியோ அழைப்பில் எடுத்தால் கமராவைத் திருப்பிக் காட்டுவாய். இது குழல், இதைக் கழற்றி வேறு குழல் போட்டால் வேறு தோட்டா, வேறு வேட்டை. இது கைப்பிடி, இது விரலுக்கேற்ற மாதிரி மாற்றலாம். இது சத்தம் குறைக்கிற குழாய், நாய்க்கும் காது வலிக்காது. மேலே தொலைநோக்கி, வேட்டைக்கு ஒன்று, கிளப்பில் இலக்குக்குச் சுட இன்னொன்று. ஒருதரம் சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும், கையை எடுத்துப் பூட்டை இழுக்கத் தேவையில்லை, கண் குறியை விட்டு அசையாது. காயத்தோடு ஓடுகிற மானை உடனேயே இரண்டாம் வெடியில் நோவில்லாமல் விழுத்தலாம் என்றாய். அதைக் கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பொலிஸ் அனுமதி, இரும்பு அலுமாரி, சின்ன மகசீன், எல்லாம் சட்டப்படி என்றாய். நீ சட்டத்தை மீறுகிறாய் என்று நான் எப்போதாவது சொன்னேனா? கடைக்காரன் அதை விற்கிற விதம்தான் எனக்கு எரிச்சல். இன்றைக்கு ஒரு துண்டு, அடுத்த மாதம் இன்னொரு துண்டு என்று, சின்னப் பிள்ளைக்குக் கட்டி விளையாடுகிற பெட்டி விற்பதுபோல விற்கிறான். வளர்ந்த ஆம்பிளைகள் பார்சலுக்குக் காத்திருக்கிறீர்கள். மானுக்கு எத்தனை கைப்பிடி வேண்டும், தம்பி?

"ஏன் அது அந்த வடிவத்தில இருக்கு?" என்று நான் கேட்டேன். "பின்பக்கம் குழலோட நேராக இருந்தால் சுடேக்கை துவக்கின்ர மூக்கு மேல எழும்பாது, உதையும் குறைவு, அதுதான்" என்றாய். சரி. மூக்கு எழும்பாமல், உதைக்காமல், அடுத்தடுத்துச் சுடவேண்டிய தேவை முதன்முதலில் யாருக்கு இருந்தது? மான் வேட்டைக்காரனுக்கா? நீ கெட்டிக்காரன், பதில் உனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற இயந்திரம் வேறு, இது ஒரு விரல் அழுத்தலுக்கு ஒரு வெடிதான் என்று நீ சொல்வதும் உண்மைதான். ஆனால் எனக்கு உள்ளே தெரியாது. வெளியேதான் தெரியும். அந்த வெளித்தோற்றத்தை நான் முதலில் கண்டது ஒருவருடைய தோளில். அதை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு மூத்தவர்கள் இரண்டு அண்ணைமார். பெரிய மாமாவை உனக்குத் தெரியும், கனடாவில் இருக்கிறார். சின்னண்ணையை நீ படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாய். அவன் இயக்கத்துக்குப் போனபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. போன பிறகு ஒரேயொரு தடவை வீட்டுக்கு வந்தான், அதுவும் சரஸ்வதி பூசையன்று பின்னேரம். தோளில் துவக்கு. சோங்கு மடித்து, இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. அப்பா, என்னுடைய அப்பா, வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"அதை வெளியில வைச்சிட்டு உள்ள வா."

"வைக்கேலாது அப்பா. என்ர பொறுப்பு."

"அப்ப உள்ள வராதை. இண்டைக்குப் பூசை."

இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. அம்மா அழுதுகொண்டு ஒரு தட்டில் வடை போட்டு என் கையில் தந்தா. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படலைக்கு வெளியே நின்றபடி தின்றான். "உப்புக் காணாது எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்று என் தலையில் குட்டினான். அந்தக் குட்டுக்கும் எனக்கும் நடுவில் அந்தத் துவக்கின் பட்டி தொங்கியது. பிறகு சைக்கிளில் ஏறிப் போனான். அவன் திரும்ப வரவில்லை, செய்திதான் வந்தது. அப்பா பிழையாக எதுவும் சொன்னதாக ஒருவரும் சொல்லவில்லை. பூசை வீட்டுக்குள் துவக்கு வரக்கூடாது என்பது சரிதானே? சரியான கதையைச் சொல்லிவிட்டு, சாகும்வரை அந்தப் படலையைப் பார்த்தபடி கதிரை போட்டு இருந்தார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு வா என்று நான் உனக்கு எழுதினேன். நீ வரவில்லை. 'ஒருதரம் கிளப்புக்கு வந்து பார்த்துவிட்டுப் பிறகு திட்டுங்கோ' என்று பதில் போட்டாய். பிடிவாதத்தில் நீ என் பிள்ளைதான். அப்பா காரோட்ட, வந்தோம். ஓல்போர்க்குக்கு வெளியே பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு மரக் கொட்டில், கோப்பிக் குடுவை, யாரோ வீட்டில் செய்த கேக். சண்டைக்கு ஆயத்தமாக வந்தவளுக்குச் சண்டை பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் எழும்பி வந்து கைகொடுத்தார்கள். சுடுகிற இடத்தை மேற்பார்க்க நின்ற பென்ட் என்கிற வயதானவர் என் காதுக்கு மூடி மாட்டிவிட்டார். நீ படுத்துச் சுட்டாய். அந்தச் சாமான் உன் தோளில் அசையவே இல்லை. முடிந்ததும் நீ செய்த முதல் வேலை அதை வெறுமையாக்கிப் பென்டுக்குக் காட்டியதுதான். கவனமான பிள்ளை. அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஹன்னே என்று ஒரு பெண், தோளில் சத்திரசிகிச்சை செய்தவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழைய துவக்கால் சுட்டால் தனக்கு இரவு முழுக்கத் தோள் நோகும், இந்த மாதிரித் துவக்கால்தான் இன்னும் சுட முடிகிறது என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

பிறகு நீ வெறும் துவக்கை எடுத்து, "ஒருக்கா பிடிச்சுப் பாருங்கோ அம்மா" என்றாய். நான் மாட்டேன் என்றேன். நீ என் கையைப் பார்த்தாய். சோங்கை டிக், டிக் என்று உள்ளே தள்ளினாய். கன்னம் படுகிற இடத்தை உயர்த்தினாய். நான் இடக்கைக்காரி என்று ஞாபகம் வைத்து, என்னவோ ஒரு நெம்பியை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டாய். ஒரு கோப்பி ஊற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. தோளில் வைத்தேன். தம்பி, அது பொருந்தியது. என்னை அளந்து எனக்கென்று செய்ததுபோலப் பொருந்தியது. அந்த நேரம்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் அதை மேசையில் வைத்துவிட்டு, கேக்கும் தின்னாமல் காருக்குப் போனேன். துவக்கைத் தொட்டதால் பயந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். பயம் இல்லை. எனக்கு அது பிடித்துப்போனது. அதுதான் கோபம்.

நான் இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் நுனிக்காலில் நிற்கிறேன். இறைச்சித் தொழிற்சாலையில் மேசை என் நெஞ்சளவு. பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று வெட்டினேன். மேசையைக் கொஞ்சம் தாழ்த்தித் தரமுடியுமா என்று கேட்டதற்கு, உயரம் விதிப்படி சரியாக இருக்கிறது என்றான் மேற்பார்வையாளன். கத்தி வலக்கைக்காரனுக்கு. கையுறை எப்போதும் இரண்டு விரல் நீளம் கூட. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்குகிற இயந்திரத்தின் பிடி என் முகத்துக்கு நேரே நிற்கும். பஸ்ஸில் தொங்குகிற பட்டி எனக்கு எட்டாது. என் தோள் போனது, முழங்கால் போனது. எவரும் அளந்து பார்க்கவில்லை. இவர்களுக்குச் செய்யத் தெரியாது, இவ்வளவுதான் முடியும் என்று நினைத்து மனதை ஆற்றிக்கொண்டேன். இப்போது பார்த்தால், தெரிகிறது! கட்டைக் கைக்கும் இடக்கைக்கும் நோகிற தோளுக்கும் ஏற்றமாதிரி ஒரு பொருளைச் செய்ய இந்த உலகத்துக்கு நன்றாகவே தெரிகிறது. அந்த அறிவையெல்லாம் கொண்டுபோய் ஒரு துவக்கில் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சோறு போட்ட மேசை என் உயரத்துக்கு இறங்காது, துவக்கு இறங்கும். இதைக் கண்டு கோபம் வராவிட்டால் நான் என்ன மனிசி?

நீயும் கணக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் குசினி மேடையைத் தாழ்த்தித் தருகிறேன் என்று நீ எத்தனை வருடமாகச் சொல்கிறாய்? இன்றைக்கும் முக்காலியில் ஏறி நின்றுதான் வடை சுடுகிறேன். உன் துவக்கின் சோங்கை ஒவ்வொரு கிழமையும் ஒரு விரற்கடை கூட்டிக் குறைக்கிற உனக்கு, அம்மாவின் மேடையைக் குறைக்க ஒரு சனிக்கிழமை கிடைக்கவில்லை. காற்றைப் பிடித்து மின்சாரமாக்குகிற படிப்புப் படித்த பிள்ளை நீ. உன் கையில் இருக்கிற வேலை எங்கே போகிறது என்று ஒருக்கால் யோசி.

அன்று கிளப்பிலிருந்து திரும்புகிற வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டு வந்தேன். அப்பா நெடுஞ்சாலையில் கண்ணை வைத்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். உனக்குத்தான் தெரியுமே, அவர் வாயைத் திறந்தால் மழை வரும். ரண்டர்ஸ் தாண்டியதும் மெல்லச் சொன்னார்.

"இஞ்சரும், நான் ஒண்டு சொல்லட்டே? உம்மட அப்பா படலையில நிண்டு சொன்னதைத்தான் நீரும் அவனுக்குச் சொன்னனீர்."

"அவன் என்ன இயக்கத்துக்கோ போனவன்? மான் சுடப் போனவன்!"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அப்பாமேல் அந்த நேரம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தச் சாமான் ஒரு வெடியும் சுடாமலேயே இரண்டு வீட்டு வாசலில் இரண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டது. ஒன்று எங்கள் ஊரில், ஒன்று ஹோர்சன்ஸில். ஒரு துண்டுதான் என்றாய். அந்த ஒரு துண்டுக்கே இவ்வளவு பலம். அதற்கு நான் இடம் கொடுத்துவிட்டேன் என்பதுதான் இப்போது எனக்குத் தாங்கமுடியாத எரிச்சல்.

ஆகவே கேள். என் மனம் மாறிவிட்டது என்று நினைக்காதே. அந்தத் துவக்கு எனக்குப் பிடிக்காது. பொருந்தினாலும் பிடிக்காது. விற்றுவிடு என்று சொல்ல மாட்டேன், அது நீயும் சோபியும் எடுக்கவேண்டிய முடிவு, நீ குழந்தைப் பிள்ளை இல்லை. இந்த வீட்டுக்கு மட்டும் அதில் ஒரு திருகாணிகூட வரக்கூடாது. அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடு. சோங்கில் அந்தக் குங்குமக் கறை இன்னும் போகவில்லை, நீ துடைக்காமல் வைத்திருக்கிறாய் என்று சோபி எழுதியிருந்தாள். அம்மா வைத்தது என்று வைத்திருக்கிறாயாக்கும். துடைத்துவிடு. அந்த மூன்று பொட்டும் என் பிள்ளை செய்த பொருளுக்கு என்று நினைத்து வைத்தவை. அவை உனக்குரியவை, அதற்குரியவை அல்ல.

கல்யாணத்துக்கு வருவேன். கொமூன என்கிற நகரசபை மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பேன், சோபிக்கு என் அட்டியலைப் போடுவேன், கார்ஸ்டனுக்கு உறைப்புக் கூட்டி ஒரு சட்டி கறி தனியாகக் கொண்டுவருவேன். ஆனால் அதற்கு முதல் நவராத்திரி வருகிறது. ஒன்பதாம் நாளுக்கு முதல்நாளே வா. சோபியையும் கூட்டிக்கொண்டு வா. அழைப்பைத் திரும்ப எடுத்துத் தருகிறேன், தட்டில் வைத்து முறையாகக் கையில் தா. அப்பா வாங்கித் தந்த அளவுகோலையும் மரம் அறுக்கிற வாளையும் துளைகருவியையும் காரில் போட்டுக்கொண்டு வந்து, முதல் வேலையாக இந்தக் குசினி மேடையை என் உயரத்துக்கு அளந்து வெட்டு. வெட்டிய பிறகு அந்தக் கருவிகளைச் சாமித்தட்டில் வை. நான் பொட்டு வைக்கிறேன். இந்த முறை என்னத்துக்கு வைக்கிறேன் என்று தெரிந்து வைக்கிறேன்.

வாசலில் நின்று மணி அடித்து, கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. கதவு திறந்துதான் இருக்கும். போன வருடம் நீ வடையைத் தின்னாமல் போனாய், என் அண்ணை வாசலில் நின்று தின்றுவிட்டுப் போனான். இரண்டையும் இனி நான் பார்க்க மாட்டேன். உள்ளே வந்து, இருந்து, தின்னு. உப்புக் காணாவிட்டால் நீயே என்னிடம் சொல்லு.

அம்மா